மாமாவுக்கு நான் நாடா போட மறுத்த காலை

ஒரு கல்யாணப் புடவையின் கரை இழையை, வரிசை பாதியில் இருக்கும்போது, நானே பல்லால் கடித்து அறுத்தேன். தறியில் உட்காரத் தெரிந்த யாரும் செய்யாத காரியம் அது. அறுந்த இழையை எப்படி ஒட்டுவது என்றுதான் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓடுகிற இழையை அறுக்க யாரும் சொல்லித்தரவில்லை. அறுத்த கையோடு, குறுக்கு நூலை ஓட்டுகிற என் நாடாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரின் அண்ணனை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். அந்தக் காலையைப் பற்றி எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். பேசப்படுகிற மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் எனக்கு.

அவரை மாமா என்று எழுதுகிறேன். ஆனால் கல்யாணமாகி ஏழு வருடங்களாக, அந்தக் காலை வரை, அந்தச் சொல்லைச் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதில்லை. மச்சாண்டாரோடு தம்பி பெண்டாட்டி நின்று பேசக் கூடாது என்பது என் பிறந்த வீட்டில், தாமலில், எனக்கு ஊட்டி வளர்த்த பாடம். இங்கே காஞ்சிபுரத்திலும் அதே பாடம்தான். வேடிக்கை என்னவென்றால், பேசக் கூடாத இரண்டு பேரும் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். கோர்வைப் புடவை என்றால் அப்படித்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம்; இரண்டும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இடது ஓரத்தில் உட்கார்ந்து மாமா உடல் நாடாவைப் போடுவார், குழிக்குள் காலால் மிதியை மிதிப்பார், இழை நெருங்க அச்சுச் சட்டத்தை இழுத்து அடிப்பார். வலது ஓரத்தில் நான் கரை நாடாவைப் போட்டு அவருடைய இழையோடு கோத்துத் திருப்புவேன். அவர் இல்லாமல் நான் ஒரு வரிசை போட முடியாது. நான் இல்லாமல் அவரும் போட முடியாது.

முன்பு அந்த வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமாவின் மனைவி. நான் அக்கா என்பேன். நான் மருமகளாக வந்து வேலை தெரிந்தவள் என்று ஆனதும், அக்கா ஒரு புடவைக் கடையில் விற்பனை வேலைக்குப் போய்விட்டார். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் ஷிப்டு வேலை. ஆக பகல் முழுவதும் தறி முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். பேச வேண்டியதைத் தறியைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். “கரை இழுக்குது” என்று மாமா தறியிடம் சொல்வார். நான் இழுப்பைத் தளர்த்துவேன். “நூல் தீந்துபோச்சு” என்று நானும் தறியிடம் சொல்வேன். அவர் கையை நிறுத்துவார். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது.

அவரோடு பேசியதில்லை என்றாலும், அந்த உடம்பின் ஓட்டம் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? மாமா ஒரு முழம் முடியாமல் எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர் அந்தத் தை மாதக் கடைசியில் அரை மணிக்கொரு தரம் எழுந்துபோக ஆரம்பித்தார். போனவர் சீக்கிரம் திரும்பவும் மாட்டார். உள்ளே குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்கும். வெகுநேரம் தண்ணீர் ஓடும். வந்து உட்கார்ந்து நாலு வரிசை போடுவதற்குள் முகம் மறுபடியும் மாறும். பலகையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டார். மிதியை மிதிக்கிறபோது கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். இடுப்பின் பின்பக்கத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் இருப்பார்.

இன்னொன்றும் கவனித்தேன். காலையில் அவர் பக்கத்தில் நான் வைக்கிற தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே இருந்தது. முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். இப்போது முழு பாட்டிலையும் நான் சாயங்காலம் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதும் எழுந்து போவது கொஞ்சம் குறைந்தது. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நான்கூட இரண்டு நாள் நினைத்தேன். மடத்தனம். நெய்த துணி பொய் சொல்லவில்லை. அவர் அடிக்கிற அடி தளர்ந்திருந்தது. அந்த நாட்களில் நெய்த இரண்டு முழத்தில் நெருக்கம் குறைந்திருந்தது விரலால் தடவினாலே தெரிந்தது.

வீட்டில் இதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது: சூடு. குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்காருகிறவனுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்பது எங்கள் தெருவின் வைத்தியம். தலைவலியா, சூடு. கண் எரிச்சலா, சூடு. ஒண்ணுக்குப் போனால் எரிகிறதா, சந்தேகமே இல்லை, சூடுதான். அக்கா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், நீர்மோர் கரைத்து வைத்தார். மாமா வெந்தயத்தை விழுங்கினார்; மோரைத் தொடவில்லை. குடித்தால் எழுந்துபோக வேண்டுமே. வெந்தயத்தையும் விளக்கெண்ணெயையும் நான் பழிக்கவில்லை. ஒரு மாதமாக ஒரு மனிதன் உட்கார முடியாமல் தவிக்கிறபோது அதற்கு மேலும் வெந்தயத்தையே நம்பியிருந்தோமே, அதைத்தான் பழிக்கிறேன்.

முதலில் என் கணவரிடம் சொன்னேன். ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “உங்க அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல. ஒண்ணுக்குப் போறதுல ஏதோ கஷ்டம் இருக்குது. நீங்க கேளுங்க” என்றேன்.

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “நான் எப்டிமா கேக்கறது? அவரு எனக்கு அப்பா ஸ்தானம். இதப்போயி கேட்டா மூஞ்சில முழிக்க முடியுமா?”

“அப்ப யாரு கேக்கறது?”

“அண்ணி இருக்காங்கல்ல” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். நல்ல தம்பி. அண்ணனுக்கு ஒன்று என்றால் ஊரையே தூக்கிக்கொண்டு வருவார், வியாதி இடுப்புக்கு மேலே இருந்தால்.

சரி என்று மறுநாள் காலை அக்காவிடம் போனேன். கடைக்குக் கிளம்புவதற்காகச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என் புருஷன் ஒண்ணுக்குப் போறது உனக்கு எதுக்குடி? எத்தினி வாட்டி எழுந்து போறாருன்னு எண்ணிக்கினு உக்காந்திருக்கியா நீ?”

அந்தக் கேள்விக்குள் இருந்த அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. காது வரைக்கும் சுட்டது. ஒரு பெண்ணை ஒரே சொல்லில் வாயடைக்க வேண்டுமென்றால் இப்படித்தான் அடைப்பார்கள். நானும் வாயடைத்துப்போனேன். நாலு நாள் தலையைத் தூக்காமல் நாடா போட்டேன். அவர் எழுந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதே அந்த நாலு நாளும் எனக்குப் பெரிதாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஐந்தாம் நாள் காலை. மாசி மாதம், வெயில் ஏறிவிட்டது. பங்குனி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை, முந்தியில், அந்த முந்தானைப் பகுதியில், இன்னும் கொஞ்சம்தான் நெய்யப் பாக்கி. மாமா வந்து உட்கார்ந்தார். மிதியில் வைத்த கால் நடுங்கியதில் பலகை முழுவதும் நடுங்கியது, என் பக்கம் வரை. அந்த வெயிலில் அவருக்குக் குளிர் எடுத்துக்கொண்டிருந்தது. பல்லோடு பல் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் நாடாவைப் போட்டார். இரண்டாம் வரிசையில் அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை பட்டின் மேல் விழுந்தது. பட்டின் மேல் வியர்வை விழ விடுகிற ஆள் இல்லை அவர். தோளில் அதற்கென்றே துண்டு போட்டிருப்பார். விழுந்ததைப் பார்த்தார், துடைக்கக் கை தூக்கவில்லை.

அப்போதுதான் இழையைக் கடித்தேன்.

“மாமா, எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவர் தறியைப் பார்த்தார். “நாடா நிக்குது” என்று தறியிடம் சொன்னார்.

“நிக்கட்டும். தறிகிட்ட பேசாதீங்க, என்கிட்ட பேசுங்க. உங்களுக்கு ஒண்ணுக்குச் சரியாப் போகல. எரியுது. உக்கார முடியல. இப்ப ஜுரம் வேற வந்திருக்குது. எனக்கு எல்லாம் தெரியும்.”

அவர் முகம் செத்துப்போனது. அவமானம் என்றால் என்ன என்று அன்று பார்த்தேன். “முந்தி முடியட்டும்” என்றார்.

“நான் நாடா போடமாட்டேன். வேற ஆளு பாத்துக்கோங்க. இல்லன்னா எழுந்து வாங்க.”

இவ்வளவுதான் நான் செய்த வீரம். கோர்வை போடுகிறவள் கையை மடக்கினால் அந்த வீட்டில் ஒரு வரிசை நகராது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஏழு வருடம் பேசாமல் உழைத்ததற்கு எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. அன்று அதைப் பயன்படுத்தினேன். மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குழியிலிருந்து காலைத் தூக்க முயன்றார், முடியவில்லை. நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். கை அடுப்பு மாதிரி கொதித்தது. மச்சாண்டாரின் கையைப் பிடித்தாள் என்று அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு போன் போட்டேன். “உங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன், வந்து சேருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்தவர், “இன்னா தொந்தரவு?” என்று கேட்டார். மாமா, “ஜுரம்பா” என்றார். அவ்வளவுதான். வெறும் ஜுரம். எழுதுகிறவரும் ஜுரம் என்று எழுதினார். அந்தச் சீட்டோடு போயிருந்தால் இரண்டு காய்ச்சல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வரிசையில் இருபது பேர் இருந்தார்கள், பாதிப்பேர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்.

“ஜுரம் மட்டும் இல்லைங்க. ஒண்ணுக்குப் போனா எரியுது, சொட்டுச் சொட்டாத்தான் வருது, அடிவயித்துலயும் உக்கார்ற எடத்துலயும் வலி. ஒரு மாசமா இருக்குது. எழுதுங்க.”

வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். மூச்சு வாங்க ஓடி வந்த அக்கா அப்போதுதான் என் பின்னால் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு சீட்டு எழுதுகிறவரிடம், “அவ சொல்றத எழுதுப்பா” என்றார்.

மருத்துவர் இளவயதுக்காரர். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மாமாவைப் பரிசோதித்தார். மூத்திரம், ரத்தம் இரண்டையும் சோதனைக்கு அனுப்பினார். அதற்குள் மாமாவுக்கு மூத்திரம் அடியோடு நின்றுபோய் அடிவயிறு உப்பிவிட்டது. குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். பையில் இறங்கியதைப் பார்த்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மருத்துவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார். ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. மூத்திரம் வருகிற வழி அதன் நடுவில்தான் போகிறது. அந்தச் சுரப்பியில் கிருமி புகுந்து வீங்கியிருக்கிறது. வீங்கியதால் வழி நெருக்கி அடைத்திருக்கிறது.

“கேன்சருங்களா?” என்று கேட்டார் அக்கா.

“இல்லம்மா, அது வேற, இது வேற. இது கிருமியால வந்த வீக்கம். மருந்துக்குக் கேக்கும். கெழவங்களுக்குத்தான் வரும்னு நெனைக்காதீங்க, இந்த வயசுலயும் வரும்.” மாமாவுக்கு அப்போது நாற்பத்தொன்று. “எரிச்சல் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா கிருமி ரத்தத்துல கலந்து உசுருக்கே ஆபத்தாயிருக்கும். ஒரு மாசம் ஏன் சும்மா இருந்தீங்க?”

படித்த மனிதர், கேட்கிறார். என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது ஐயா, ஆளைச் சாகக் கொடுக்கிற அளவுக்கு வெட்கமாக இருந்தது என்றா?

ஆறு நாள் படுக்கையில் இருந்தார். ஊசி வழியாக மருந்து ஏறியது. ஜுரம் இறங்கியது, குழாயையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பத்து நாளில் எரிச்சல் போனதும், “நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு?” என்று மாமா மாத்திரை அட்டையைத் தள்ளினார். அக்கா விடவில்லை. “பாதியில நிறுத்துனா திரும்பி வரும்னு டாக்டரு சொன்னாரு. வாயத் தொற” என்று எதிரில் நின்று விழுங்க வைத்தார். கடைசி மாத்திரை வரை போட்டார். மறுபடி சோதனை செய்து கிருமி இல்லை என்று சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. புடவை என்னாயிற்று என்றால், நான் கடித்த இடத்திலிருந்து அக்காவும் நானும் சேர்ந்து நெய்தோம். எங்கே அறுந்தது என்று இன்று கேட்டால் எனக்கே தெரியாது.

தெரு சும்மா இருக்குமா? “மச்சாண்டாரோட மூத்திரத்த ஊருக்கே சொன்னவ” என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நான் பதில் சொல்வதற்கு முன் அக்கா குடத்தை இறக்கி வைத்தார். “என் வீட்டுக்காரரு பொழச்சி வந்தது உனக்கு வயித்தெரிச்சலா இருக்குதா?” என்று கேட்டார். அவள் குடம் நிரம்புவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறையில் என்னைக் கேட்ட கேள்விக்கு அக்கா இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டாம். அன்று அந்தக் குடம் இறங்கியதே போதும்.

இப்போது நான் கேட்கிறேன். யாராக இருந்தாலும் கேட்கிறேன். அடிக்கடி எழுந்து போகிறாயா, போனால் எரிகிறதா, சொட்டாக வருகிறதா, முடித்த பிறகும் முடியாத மாதிரி இருக்கிறதா, இடுப்பிலும் அடிவயிற்றிலும் உட்காருகிற இடத்திலும் வலியா, அதோடு குளிர்ஜுரமா? ஒன்று இருந்தாலே டாக்டரிடம் போ. ஜுரமும் சேர்ந்துவிட்டால், மூத்திரமே வராமல் நின்றுவிட்டால், நாளைக்கு என்று தள்ளாதே, இன்றைக்கே போ. போய், சீட்டு எழுதுகிறவரிடம் உள்ளதைச் சொல். என் கணவரிடமும் இப்படித்தான் கேட்கிறேன். என் தம்பியிடம் போனில் கேட்டேன். “அய்யோ அக்கா” என்று வைத்துவிட்டான். மறுபடியும் போட்டுக் கேட்டேன். கூரம் கிராமத்திலிருந்து பாவு நூல் வாங்க வருகிற ஒருவர், உட்காராமல் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்து அவரிடமும் கேட்டேன். “வெக்கமா இல்லியாமா உனக்கு?” என்றார். “இல்லைங்க” என்றேன். மறுவாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசினார். என்னை வெட்கங்கெட்டவள் என்கிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். எனக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மத்தியானம். அக்கா உள்ளே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சொம்பு தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். முழுச் சொம்பையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஏம்மா” என்று கூப்பிட்டார். சுற்றிப் பார்த்தேன், வேறு யாரும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

“உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“ஒரு மாசமா தெரியும் மாமா.”

சொம்பைக் கீழே வைத்தார். “அடிக்கடி எழுந்து போனா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கிற நீ இன்னா நெனச்சிக்குவியோன்னு வெக்கமா இருந்துச்சும்மா. அதுக்குத்தான் தண்ணி குடிக்கறதையே உட்டேன்.”

நான் கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ என்று நானும், எழுந்தால் நான் என்ன நினைப்பேனோ என்று அவரும்.

“நீ மொத நாளே கேட்டிருந்தா, அன்னிக்கே போயிருப்பேம்மா” என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஒரே பலகையில் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை காத்தோம். அந்த மரியாதையில் அவர் சாகக் கிடந்தார்.